ஏறுவது எது? பழைய ஜீப்பும் புதிய தாரும்

பழைய ஜீப்பின் பக்தர்களுக்குக் கொழுக்குமலை ஒன்றே போதும். சூரியநெல்லியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, விடிவதற்கு முன்பே கிளம்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கல்லும் குழியுமாகக் கிடக்கும் தடத்தில் 7,000 அடிக்கு மேல் ஏறி இறங்கும் ஜீப்புகளில் மகிந்திரா மேஜரும் கமாண்டரும்தான் கண்ணில் நிறையப் படும். இரண்டும் தயாரிப்பு எப்போதோ நின்றுபோன வண்டிகள். சூரிய உதயம் பார்க்கப் போனவர்கள் இறங்கி வரும்போது இடுப்பு வலியோடு ஒரு தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள்: அந்தக் காலத்து வண்டி மாதிரி வராது, இப்போது வருவதெல்லாம் ஷோரூம் பொம்மை.

கொழுக்குமலை உண்மையில் எதை நிரூபிக்கிறது? அந்தப் பாதைக்குப் பழைய ஜீப் போதும் என்பதை. புதியது போதாது என்று அது எங்கும் சொல்லவில்லை. அங்கே ஓட்டுகிறவர் அதே தடத்தில் நாள்தோறும் போய்வருகிறவர். எந்தக் கல்லில் இடது சக்கரத்தை ஏற்ற வேண்டும், எந்த வளைவுக்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குப் பழகியவை. அவரையே முன்பின் தெரியாத வேறொரு மலையில், மழை பெய்த மறுநாள் விட்டால்தான் வண்டியின் திறமை எவ்வளவு, ஓட்டுகிறவரின் திறமை எவ்வளவு என்பது பிரிந்து தெரியும். இங்கே எடைபோட வேண்டியது வண்டியை.

இன்னொரு கலப்படமும் இருக்கிறது. ஆஃப்ரோடு பந்தயங்களில் பாறை மீது தாவி ஏறும் பழைய ஜீப்பின் அடியில் குனிந்து பாருங்கள். பவர் ஸ்டியரிங் பின்னால் சேர்த்தது. டிஃபரன்ஷியலில் லாக்கர் பின்னால் சேர்த்தது. டயர் கம்பெனியிலிருந்து வந்ததைவிட ஒன்றரை மடங்கு பெரியது. எஞ்சினும் பல நேரம் வேறு வண்டியினுடையது. முன்பக்கம் வின்ச். அந்த வண்டியில் பழையதாக மிஞ்சியிருப்பது சேஸிஸ் எண்ணும் முகமும்தான். அதை ஷோரூமிலிருந்து நேரே வந்த மகிந்திராவின் புதிய தாருடன் நிறுத்தி ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது. கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றி அமைப்பதென்றால் இரண்டையும் மாற்றலாம்.

பழையது என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் வார்த்தெடுத்த வில்லிஸ் ஜீப்தான் நம் ஊர் ஜீப்புகளுக்கெல்லாம் மூதாதை. 60 குதிரைத்திறன், சுமார் 1,100 கிலோ எடை, முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் அச்சு, அதன்மேல் பட்டை ஸ்பிரிங். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா இதைக் கோத்து விற்கத் தொடங்கி, பிறகு சொந்தமாகவே தயாரித்தது. எண்பதுகளில் பெஜோ டீசல் எஞ்சினோடு வந்த எம்எம்540 அந்த வம்சத்தின் நல்ல வாரிசு. 2010-இல் வந்த முதல் தார் அதே முகத்தோடு, 105 குதிரைத்திறன் சிஆர்டிஇ டீசல் எஞ்சினோடு வந்தது. ஆனால் அதன் முன் சக்கரங்கள் அப்போதே தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டிருந்தன. "அசல் ஜீப்" என்று இன்று பலரும் தேடித் தேடி வாங்கும் அந்த முதல் தாரே மூதாதையின் வழியிலிருந்து விலகியதுதான். பழைமைவாதிகள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சாலை இல்லாத இடத்தில் ஒரு வண்டி நின்றுபோவது பெரும்பாலும் சக்தி இல்லாததால் நேர்வதில்லை. சக்தி தவறான சக்கரத்துக்குப் போய்விடுவதால் நேர்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்றக் கிட்டத்தட்ட விசையே வேண்டாம். ஆகவே மறுபக்கத்தில் மண்ணைப் பிடித்து நிற்கும் சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் கிடைக்கும். நாலு சக்கர வண்டியில் இது முன்னும் பின்னும் நடக்கும். குறுக்காக வெட்டுண்ட ஒரு ஓடையை மூலைவாட்டில் கடக்கும்போது முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டால், பெயருக்குத்தான் ஃபோர் வீல் டிரைவ். தொங்கும் இரண்டு சக்கரங்களும் காற்றைக் கடைந்துகொண்டிருக்க, தரையில் நிற்கும் இரண்டும் சும்மா இருக்கும். பக்கத்தில் கயிறோடு இன்னொரு வண்டி நின்றால் தப்பிக்கலாம்.

கம்பெனியில் பிறந்தபடியே இருக்கும் எம்எம்540 இந்த இடத்தில் நின்றுவிடும். அதன் டிஃபரன்ஷியல்கள் இரண்டுமே திறந்தவை. பட்டை ஸ்பிரிங் வேறு ஆள் ஏறாத வண்டியில் விறைப்பாகவே இருக்கும்; சக்கரம் பள்ளத்தைத் தேடி இறங்குவதற்குள் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங் பத்துப் பேர் பாரத்தைச் சுமக்கப் பிறந்தது. சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைப்பது அதற்கு இரண்டாவது வேலை.

2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த இரண்டாம் தாரில் இதற்கு இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று, பின் அச்சில் தானாகப் பூட்டிக்கொள்ளும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல். இரு சக்கரங்களின் சுழற்சி வேகத்துக்கு நடுவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்று வித்தியாசம் வந்தால், உள்ளே இருக்கும் எடைக்கட்டை வெளியே விலகி, 'டக்'கென்ற சத்தத்தோடு இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டாவது, பிரேக்கை வைத்துச் செய்யும் வேலை. எந்தச் சக்கரம் வெறுமனே சுழல்கிறது என்பதை ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடிக்கும். கணினி அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். எதிர்ப்பக்கத்துக்கு விசை தானே பாயும். பின்பக்கம் பட்டை போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. அச்சு மட்டும் பழையபடி ஒரே தண்டாக இருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்தால் நான் மேலே சொன்ன ஓடையை அதிகம் பழக்கமில்லாதவரும் கடந்துவிடுவார். இதில் வாதத்துக்கு இடமில்லை. பின் அச்சுப் பூட்டு முதல் தாருக்கும் 2015-இல் கிடைத்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் முன்பக்கம் அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

பிரேக் வழியில் ஒரு குறை உண்டு. சக்கரம் முதலில் வழுக்க வேண்டும், பிறகுதான் கணினி விழித்துக்கொள்ளும். பழைய பழக்கத்தில் வந்த ஓட்டுநர் சக்கரம் சுழல்வதை உணர்ந்ததும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். எடுத்தால் கணினியும் விட்டுவிடும். வண்டி அங்கேயே நிற்கும். காலை எடுக்காமல், அழுத்தத்தைக் கூட்டாமல், ஒரே சீராகப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அது வேலை செய்யும். புதிய வண்டி ஏறவில்லை என்று அனுபவசாலிகள் சொல்லும் கதைகளில் பாதியாவது இந்தக் கால்பழக்கத்தின் கதைகள் என்பது என் ஊகம். இன்னொன்று, நெடுநேரம் இதையே செய்தால் பிரேக் சூடேறும். மெக்கானிக்கல் பூட்டு அப்படிச் சூடேறுவதில்லை. ஆகவே கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும், பூட்டும் இரும்பும் கூட இருக்கிற வண்டிதான் மேல்.

கோணங்களைப் பார்ப்போம். முதல் தாரின் முன்பக்க அணுகு கோணம் 44 பாகை, இரண்டாவதன் கோணம் ஏறத்தாழ 42. செங்குத்தான மேட்டை மூக்கால் முட்டாமல் தொடுவதில் பழையது ஒரு நூல் முன்னே நிற்கிறது. பின்பக்கத்தில் 27 பாகைக்கு எதிரே கிட்டத்தட்ட 37. இது சின்ன வித்தியாசமில்லை. மேட்டில் ஏறிய பிறகு வாலைத் தரையில் தேய்க்கும் பழைய தாரின் கெட்ட பழக்கம் புதியதில் போய்விட்டது. தரை இடைவெளி 200 மில்லிமீட்டரிலிருந்து 226 ஆனது. தண்ணீரில் இறங்கும் ஆழம் 500-இலிருந்து 650 மில்லிமீட்டர். காகிதத்தில் இருக்கும் எண் களத்தில் அப்படியே கிடைக்காது என்பது உண்மை, ஆனால் அந்தக் குறை இரண்டு வண்டிக்கும் பொது.

ஜிப்ஸி, ஜிம்னி ஜோடி இதைவிடச் சுவையானது. அங்கே பழையதும் புதியதும் ஒரே தத்துவத்தில் பிறந்தவை. 1985 டிசம்பரில் மாருதி கொண்டுவந்த ஜிப்ஸி சின்ன பெட்ரோல் எஞ்சின், இரண்டு பக்கமும் தண்டு அச்சு, பட்டை ஸ்பிரிங், ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை என்று ஒட்டகம்போல் எளிமையாக இருந்தது. ராணுவம், போலீஸ், வனத்துறை என்று அது ஓடாத இடமில்லை. 2023-இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியிலும் இரண்டு பக்கமும் தண்டு அச்சுதான், தனி லோ கியர்தான். ஸ்பிரிங் மட்டும் சுருளாகி, பிரேக்கை வைத்து வழுக்கலை அடக்கும் கணினி சேர்ந்திருக்கிறது. எடை 1,200 கிலோவைத் தொட்டது.

லோ முதல் கியரில் எஞ்சின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் ஊர்ந்து செல்லும் திறனின் அளவுகோல். ஜிப்ஸியில் அது 30-ஐச் சற்றே தாண்டும். மேனுவல் ஜிம்னியில் ஏறத்தாழ 36. போர்க்கால வில்லிஸில் 25, 26தான். அமெரிக்காவில் இன்று விற்கும் ஜீப் ரேங்ளர் ரூபிகானின் மேனுவல் வகையில் 84. எண் பெரிதாகப் பெரிதாக வண்டி மெதுவாக ஊரும், கிளட்சைப் பாதியில் பிடித்துக் கருக்க வேண்டியதில்லை, இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். "பழைய வண்டி மெதுவாகப் பாறை மேல் நடக்கும்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அந்தக் காலத்து வண்டி நாம் நினைக்கும் அளவுக்கு மெதுவாக நடக்கவில்லை. கொஞ்சம் வேகம் பிடித்து, தாவித் தாவித்தான் போயிற்று.

ஆனால் ஜிப்ஸிக்கு ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது: எடை. சேற்றிலும் ஆற்று மணலிலும் 200 கிலோ குறைவாக இருப்பது எந்தக் கணினியும் ஈடுசெய்ய முடியாத வரம். சிக்கிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வெளியே வந்துவிடும். ஜிம்னியில் ஐந்து கதவுக்காக அச்சுகளுக்கு நடுவே இடைவெளியை 2,590 மில்லிமீட்டராக நீட்டியதில், மூன்று கதவு ஜிம்னியில் 28 பாகையாக இருந்த வயிற்றடிக் கோணம் 24 ஆகக் குறைந்தது. மேட்டின் உச்சியில் வயிறு தட்டி நிற்கும் அபாயம் கூடிவிட்டது என்று பொருள். பாறையிலும் செங்குத்திலும் ஜிம்னி, சேற்றிலும் மணலிலும் ஜிப்ஸி என்று நான் பிரித்துத் தருவேன். இந்த ஒரு ஜோடியில்தான் பழைய கட்சிக்குப் பாதி வழக்காவது வெற்றி.

டயரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விவாதம் எங்கும் நகராது. வண்டி தரையைத் தொடுவது உள்ளங்கையளவு ரப்பர் நாலில் மட்டும். பழைய ஜீப்பில் 6.00-16 என்ற ஒல்லியான, உயரமான டயர். சேற்றை வெட்டிக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைத் தேடிப் போகும். புதிய தாரின் உயர் வகையில் 255 மில்லிமீட்டர் அகல டயர், 18 அங்குல ரிம்மில். மணலில் இது மிதக்கும், ஒல்லி டயர் புதையும். களிமண் சேற்றில் கதை தலைகீழ். காற்றைக் குறைத்து டயரைத் தட்டையாக்கி ஓட்டும் வித்தைக்கு உயரமான பக்கச்சுவர் தேவை. பெரிய ரிம், பெரிய டிஸ்க் பிரேக், நெடுஞ்சாலையில் திடமான திருப்பம் என்று கம்பெனிகள் ஓடும் ஓட்டத்தில் பக்கச்சுவர் ஒவ்வொரு தலைமுறையிலும் குட்டையாகிக்கொண்டே வருகிறது. ஆனாலும் இது டயர்க் கடையில் தீர்க்கக்கூடிய விஷயம். பூட்டு இல்லாத டிஃபரன்ஷியலை அங்கே சரிசெய்ய முடியாது. நல்ல மட் டயர் மாட்டிய பழைய ஜீப் ஒன்று, நெடுஞ்சாலை டயரோடு வந்த புதிய வண்டியை எளிதில் தோற்கடிக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன். அந்த வெற்றியில் பெரும்பங்கு டயருக்குத்தான் சேரும்.

அகலத்துக்கு வருவோம். பழைய கட்சியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது, ஆனால் அவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வில்லிஸின் அகலம் 1,575 மில்லிமீட்டர். புதிய தார் 1,820. எஸ்டேட் தடங்களும் காட்டுத் தடங்களும் ஜீப்பை மனதில் வைத்தே வெட்டப்பட்டவை. ஒரு பக்கம் தேயிலைச் செடி, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் இடத்தில் ஒரு சாண் அகலம் கூடுவது எத்தனை பாகை அணுகு கோணத்தாலும் ஈடாகாது. எதிரே இன்னொரு ஜீப் வந்தால் ஒதுங்க வேண்டுமே! பழைய ஜீப்பில் தட்டையான பானெட்டின் இரண்டு ஓரமும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும். சக்கரம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தே ஓட்டலாம். புதிய வண்டிகளில் பானெட் உயர்ந்து, கண்ணாடித் தூண் தடித்துவிட்டது. மோதலில் ஆளைக் காப்பதற்காக அந்தத் தூண் தடித்தது என்பதும், குளோபல் என்கேப் சோதனையில் தார் நாலு நட்சத்திரம் வாங்கியது என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. பழைய ஜீப்பில் அந்தக் காப்பு ஏது? மலையில் உருண்டால் தலைக்கு மேலே இருப்பது கான்வாஸ்.

ஸ்டியரிங்கும் பிரேக்கும் வேறு இருக்கின்றன. பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில் முன் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் வளையம் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு சுழலும். கட்டை விரலை வளையத்துக்கு உள்ளே கோக்காதே என்பது ஜீப் பழகுகிறவனுக்குக் கிடைக்கும் முதல் பாடம். டிரம் பிரேக் ஓடையைத் தாண்டியதும் ஈரம் காயும்வரை சரியாகப் பிடிக்காது. இவற்றையெல்லாம் வீரமாகப் பேசுகிறோம். எடைபோடும் தராசில் இவை குறைகள்.

தண்ணீரில் யார் வெல்கிறார்கள் என்பதில் பலருக்கும் குழப்பம். பழைய டீசல் ஜீப்பில் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு மின்சாரமே அநேகமாகத் தேவையில்லை. நனைந்து கெட்டுப்போகக் கணினி இல்லை. ஆனால் எஞ்சின் மூச்சிழுக்கும் வாய்க்குள் தண்ணீர் புகுந்தால் எந்தக் காலத்து எஞ்சினும் ஒன்றுதான். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். அந்த வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே கேள்வி, அதில் புதியவை தெளிவாக மேலே. லேண்ட் ரோவரில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: 2016 ஜனவரியில் உற்பத்தி நின்ற பழைய டிஃபெண்டர் 500 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும், 2019-இல் அறிமுகமான புதியது ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தி 900 மில்லிமீட்டர்வரை. எல்லை மீறி இறங்கிவிட்ட பிறகு என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் பழையது வெல்லும். அதை அங்கேயே பிரித்துக் காயவைக்கலாம்.

டிஃபெண்டரைத் தொட்டுவிட்டதால் இன்னும் சிறிது அங்கே நிற்கலாம். தனிச் சேஸிஸ் இல்லாத உடல், நாலு சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் என்று புதிய டிஃபெண்டர் வந்தபோது எழுந்த ஒப்பாரி இன்னும் ஓயவில்லை. பிரிட்டனில் ஒரு ரசாயனத் தொழிலதிபர், ஜிம் ராட்கிளிஃப், பழைய பாணியில் தண்டு அச்சோடு கிரெனேடியர் என்ற வண்டியையே தயாரிக்கக் கிளம்பிவிட்டார். ஒப்பாரிக்குப் பின்னாலிருக்கும் தர்க்கம் பலவீனமானது. தனியாக அசையும் சக்கரத்தின் ஆட்டம் குறைவு என்பது பொதுவாகச் சரி. ஒரு பக்கம் மேலே போனால் மறுபக்கம் கீழே இறங்கும் தண்டு அச்சின் இயல்பு அதற்கில்லை. அதற்காகத்தான் ஏர் சஸ்பென்ஷனில் இடது வலது காற்றுப்பைகளைக் குறுக்காக இணைத்து அந்த இயல்பைச் செயற்கையாக வரவழைக்கிறார்கள். அதோடு நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இல்லாததால் 291 மில்லிமீட்டர் தரை இடைவெளி கிடைக்கிறது, பழையதில் 250. மேலும், பக்தர்கள் போற்றும் பழைய டிஃபெண்டரின் சுருள் ஸ்பிரிங் 1983-இல் வந்த புதுமை. 1998-க்குப் பிந்தைய வண்டிகளில் எலக்ட்ரானிக் டிராக்ஷன் கன்ட்ரோலும் கிடைத்தது. அவர்கள் பழையது என்று கும்பிடுவதில் பாதி, அந்தந்தக் காலத்தில் வசை வாங்கிய புதியது.

புதியது தோற்ற ஒரு வழக்கையும் முன்வைத்தால்தான் விசாரணை நேர்மையாகும். 1971-72-இல் பிரிட்டிஷ் ராணுவத்தினர் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடிவரை இரண்டு ரேஞ்ச் ரோவர்களில் போனார்கள். ஜான் பிளாஷ்ஃபோர்ட்-ஸ்னெல் தலைமை. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சாலையே இல்லாத டாரியன் காட்டில் அந்தப் புத்தம்புது வண்டிகளின் டிஃபரன்ஷியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. கடைசியில் பழைய லேண்ட் ரோவர் ஒன்றை விலைக்கு வாங்கி, முன்னால் வழிதிறக்க விட்டார்கள். பழைய கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குறுக்கு விசாரணையில் என்ன தெரிகிறது? சதுப்புக்கென்று மாட்டிய மிகப் பெரிய டயர்களும் அளவுமீறிய சுமையும் சேர்ந்துதான் அந்த டிஃபரன்ஷியல்களை முறித்தன. இருந்தும் ஒரு பாடம் நிற்கிறது: எளிய, லேசான வண்டி முன்னே போகலாம், பாரம் சுமக்கும் நவீன வண்டி பின்னே வரலாம். அந்தப் பயணத்தில் இரண்டுமே தேவைப்பட்டன.

கொழுக்குமலையில் பழைய ஜீப்புகள் ஏன் இன்னும் ஓடுகின்றன என்பதற்கான விடை ஏறும் திறனில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பட்டை முறிந்தால் அடுத்த ஊர்க் கொல்லரே ஒன்றை வளைத்துத் தருவார். எஞ்சினைத் தெரு ஓரத்தில் இறக்கி ஏற்றலாம். பாதி விலைக்கும் குறைவான வண்டியைப் பாறையில் தேய்த்தால் வயிறு எரியாது. நாள் முழுவதும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்வது பிஎஸ்6 டீசலுக்குப் பிடிக்காத வேலை வேறு. அதன் புகைவடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக, எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேறும்படி கொஞ்ச நேரமாவது வேகமாக ஓடவேண்டும். டொயோட்டா 1984 முதல் லேண்ட் குரூசர் 70 வரிசையை நிறுத்தாமல் தயாரிப்பதும், சுரங்கங்களும் நிவாரண அமைப்புகளும் அதையே கேட்டு வாங்குவதும் இதே காரணத்தால்தான். பழுது பார்க்க முடிவதும் சேதத்தைத் தாங்குவதும் பெரிய குணங்கள். ஆனால் கேள்வி எந்த வண்டி தடையைத் தாண்டும் என்பது. தாண்டிய பிறகு யாருக்கு எவ்வளவு செலவு என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் பழைய ஜீப்பின் புகழ் வளர்ந்திருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். கம்பெனியிலிருந்து வந்த நிலையில், ஒரே தரமான டயர் மாட்டி, முன்பின் தெரியாத தடத்தில் விட்டால், 2020-க்குப் பிந்தைய தார் தன் முன்னோர்கள் எல்லோரையும் வெல்லும். பாறையிலும் ஓடையிலும் பெரிய வித்தியாசத்தில், மணலில் ஓரளவுக்கு, குறுகிய தடத்தில் மட்டும் தோற்று. டிஃபெண்டரிலும் அதே முடிவு, ஏறத்தாழ 2 மீட்டர் அகலம் என்ற அபராதத்தோடு. ஜிப்ஸி, ஜிம்னியில் சமன். ஆனால் புதுமை கூடக் கூடத் திறமையும் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. 2024-இல் வந்த தார் ராக்ஸ் குடும்பத்துக்காக அச்சு இடைவெளியை 2,850 மில்லிமீட்டராக நீட்டிக்கொண்டது. அதனால் தம்பியின் வயிற்றடிக் கோணம் 24-ஐத் தொடவில்லை, அண்ணன் மூன்று கதவுத் தாருக்கு 27 பாகை. திரும்பும்போது உட்பக்கப் பின்சக்கரத்தைப் பூட்டித் திருப்பத்தைச் சுருக்கும் மின்னணு வித்தை வைத்திருக்கிறார்கள். நீளத்தைக் கூட்டிவிட்டு அதன் குறையை மறைக்கும் வேலை அது. ஜிம்னியிலும் இதே கதைதான் நடந்தது. நாலு சக்கர வண்டியின் உச்சத்தை நாம் சில வருஷங்களுக்கு முன்பே கடந்துவிட்டோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன வெற்றி, பின் அச்சில் மெக்கானிக்கல் பூட்டும் நாலு சக்கர இழுவையும் உள்ள வகைக்கு மட்டுமே சேரும். 2023 ஜனவரி முதல் அதே முகம், அதே உடல், அதே பெயரோடு பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்கிறது. நகரத்து டிராஃபிக்கில் அதை யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. 1941-ஆம் வருஷத்து வில்லிஸ் அதை எந்தச் சேற்றிலும் தோற்கடிக்கும்.